அழுகை தீர்ந்த பிள்ளையார்

மகவு அழும் ஒலி கேட்டுத் தாய் எழுந்து ஓடாத இல்லம் இவ்வுலகில் இல்லை. நாடு வேறாயினும் மொழி வேறாயினும் அவ்வொலி ஒன்றே. பேசக் கற்பதற்கு முன்னர் உயிர் தன் குறையைப் பிறர்க்குப் புலப்படுத்துதற்கு இறைவன் அளித்த கருவி அழுகை ஒன்றேயாகும். பசித்து அழுவதும், துயில் வேண்டி அழுவதும், நோவினால் அழுவதும், தனிமைக்கு அஞ்சி அழுவதும் அயலார் செவிக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஈன்றாள் ஒருத்தியே இவ்வழுகை இன்னதற்கு என்று பிரித்து அறிவாள். கற்று வல்லார் பலர் சூழ நின்றும் ஒரு குழவியின் அழுகையை ஆற்ற மாட்டாது திகைத்தலையும், எழுத்தறியாக் கிழவி ஒருத்தி வந்து அதனைத் தோளிற் சாய்த்து முதுகைத் தடவிய அளவில் அது அமைதியுற்றுத் துயிலுதலையும் நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். அறிவு செய்யமாட்டாததனை அன்பு செய்து முடிக்கின்றது.

இவ்வெளிய நிகழ்ச்சி சைவ உலகிற்கு வாழ்வளித்த பெருநிகழ்ச்சியாய் அமைந்த இடம் சீகாழி. ஆளுடைய பிள்ளையார் எனப் போற்றப்பெறும் திருஞானசம்பந்த மூர்த்தி சுவாமிகளின் வரலாற்றை அறியாத சைவர் இலர். அறிந்ததனையே மீண்டும் எழுதப் புகுவது என்னையோ எனின், அவ்வரலாறு ஓர் அழுகை தீர்ந்ததினின்று புறப்பட்டுப் பலர்தம் அழுகையைத் தீர்த்துச் சென்று நிறைவெய்துதலின், அந்நோக்கம் ஒன்றையே கைக்கொண்டு அதனைத் தொடக்கமுதல் இறுதிவரை ஒருமுறை காண்டல் நமக்குப் பயன்படும் என்று கருதியே என்க.

பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் எனப் பன்னிரு திருநாமங்களை உடையது அத்திருப்பதி. அங்கே கவுணியர் கோத்திரத்தில் தோன்றிய சிவபாத இருதயர் என்னும் அந்தணர்க்கும் அவர்தம் மனைவியார் பகவதியார்க்கும் திருவாதிரை நாளில் பிள்ளையார் திருவவதாரம் செய்தருளினர். காலம் கி. பி. 7ஆம் நூற்றாண்டு. 642ஆம் ஆண்டில் பல்லவர் வாதாபியை வென்ற போரில் படைத்தலைமை பூண்டவர் சிறுத்தொண்டர் எனக் கொள்ளப்படுதலும், அச்சிறுத்தொண்டரைப் பிள்ளையார் தம் திருப்பதிகத்தில் வைத்துப் போற்றியிருத்தலும் அக்காலத்தை நிறுவுதற்குத் துணையாவன. வேத வேள்வியும் திருநீற்று நெறியும் மங்கியும் புறச்சமயங்கள் ஓங்கியும் இருந்த நிலை கண்டு வருந்திய சிவபாத இருதயர், சிவநெறியை நிலைநாட்டவல்ல ஒரு மகவு வேண்டுமென்று திருத்தோணியப்பரை நோக்கித் தவங்கிடந்தார் என்பது புராண வரலாறு. ஆகவே, பிள்ளை அழுவதற்கு முன்னரே தந்தையின் நெஞ்சம் அழுதது என்பதை நாம் மறத்தலாகாது.

பிள்ளையார்க்கு ஆண்டு மூன்று நிரம்பிற்று. ஒருநாள் தந்தையார் நீராடுதற்குப் புறப்பட்டார். சிறு பிள்ளைகள் செய்யும் வழக்கப்படி அவரும் கால் கெச்சை ஒலிக்கப் பின்தொடர்ந்தார். தந்தையார் திரும்பி நோக்கி முனிவார்போன்று விலக்கியும், பிள்ளையார் சிணுங்கி நிற்றலின் உடன்கொண்டு சென்று, திருக்கோயிலினுள்ளே உள்ள பிரம தீர்த்தத்தின் கரையில் அவரை இருத்தினார். திருத்தோணிச் சிகரத்தைத் தொழுது தம் மகனைக் காவல் வைப்பாரைப் போல வேண்டிக்கொண்டு, நீரிற் புகுந்து அகமருடண மந்திரத்தைச் செபித்து மூழ்கியிருந்தார். கரையிலிருந்த பிள்ளையார் தந்தையாரைக் காணாராயினர். சிறிது பொறுத்துப் பார்த்தார். பின்னர்க் கண்களிலே நீர் ததும்பிற்று, கைம்மலர்களாற் கண்களைப் பிசைந்தார், இதழ் துடித்தது, திருத்தோணிச் சிகரத்தை நோக்கித் தாயையும் தந்தையையும் விளித்து அழுதருளினார்.

இவ்விடத்தில் ஆசிரியர் சேக்கிழார் பெருமான் ஒரு நுட்பத்தை வைத்துப் போயினர். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாங் குலோத்துங்கன் ஆட்சியில் திருத்தொண்டர் புராணம் அருளிய அப்பெருமான், 1,256 செய்யுட்களாற் பிள்ளையார் வரலாற்றை விரித்தவர். கயிலையிலே பெற்றிருந்த முன்னைச் சார்பினையும் நன்குணர்ந்தவர். அங்ஙனமிருந்தும் அவ்வழுகைக்குக் காரணம் முன்னைச் சார்பு நினைவுக்கு வந்ததோ, அன்றி அப்பருவத்துக்கு உரிய பிள்ளைத்தன்மையோ என்று இரண்டனையும் ஐயவாய்பாட்டால் நிறுத்தி, இன்னதென்று துணியாமலே விடுத்தார். துணிந்து கூறும் ஆற்றல் அவர்க்கு இல்லாமையன்று. பின் எதற்காக இவ்வையத்தை நம் கையில் விட்டுச் சென்றார்?

முன்னைச் சார்பே காரணம் என்று முடிப்பின், பிள்ளையார்க்கு நிகழ்ந்தது பிறர்க்கு நிகழாதது எனச் சொல்லி நாம் கைகட்டி இருந்துவிடுவோம். பிள்ளைமையே காரணம் என்று முடிப்பின், ஊர்தோறும் அழும் குழவிகட்கெல்லாம் உமையம்மை ஏன் எழுந்தருளவில்லை என்னும் வினா எழும். இரண்டும் வேறல்ல என்பதே அடியேனுக்குத் தோன்றும் கருத்து. ஆணவத்தாற் கட்டுண்ட உயிர் தன் தலைவனை மறந்து கிடப்பினும், அவனோடு அதற்குள்ள அநாதித் தொடர்பு அறுவதில்லை. தாய் தந்தையரைக் காணாது குழவி அஞ்சும் அச்சத்தின் அடியில் அத்தொடர்பே கிடந்து அசைகின்றது. மலம் பரிபாகமுற்ற உயிரிடத்தே அவ்வசைவு தன் இலக்கை அறிந்து சிகரத்தை நோக்குகின்றது. பக்குவமுறாத உயிரிடத்தே அது இலக்கறியாமல் பொம்மையையும் பொருளையும் நோக்கி அலைகின்றது. அழுகை ஒன்றே, திரும்பும் திசையே வேறு. நீருள் மூழ்கிய தந்தையைத் தேடிய கண்கள் நீரை நோக்காது சிகரத்தை நோக்கியதே பிள்ளையாரின் தனிச்சிறப்பு.

பெருமான் செவி சாய்த்தருளினார். விடைமீது அம்மையுடன் அக்கரையிலே எழுந்தருளி, திருமுலைப்பாலைப் பொற்கிண்ணத்திற் கறந்து ஊட்டும்படி தேவியார்க்குப் பணித்தார். அம்மையார் எண்ணுதற்கரிய சிவஞான அமுதத்தை அப்பாலிலே குழைத்து, பிள்ளையாரின் கண்ணீரைத் துடைத்து, கிண்ணத்தை அவர்தம் கையிற் கொடுத்து அழுகையைத் தீர்த்தருளினார். கண்டது அப்பன்; கொடுத்தது அம்மை. சிவத்தின் கருணையே சத்தி எனப்படுதலின் அக்கருணை உயிரின்கண் பதியும்போது சத்திநிபாதம் எனப் பெயர் பெறுகின்றது. நூல்களிலே மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நாம் வகுத்துப் படிக்கும் அவ்வருட்பதிவு ஈண்டு கண்ணீர் துடைக்கும் ஒரு கையாக வந்து நின்றது. மேலும் ஞானம் முன்னும் கண்ணீர் துடைத்தல் பின்னும் நிகழவில்லை என்பதையும் உன்னுக. முதலில் துடைத்தாள், பின்னரே கொடுத்தாள். தேம்பும் குழவியின் வாயிற் பாலை வார்க்கலாகாது, புரையேறும் என்பதனைத் தாயர் அறிவர். ஆசிரியராய் இருப்பார்க்கும் இது பாடமாகும்.

பாலுக்கு அழுது பெற்றார் மற்றொருவரும் நம் மரபில் உளர். வியாக்கிரபாதர் மகனாராகிய உபமன்னியு முனிவர் குழவிப் பருவத்தே பால் வேண்டி அழ, இறைவன் அவர்க்குப் பாற்கடலையே அழைத்து அளித்தான் என்பதனைச் சேந்தனார் திருப்பல்லாண்டிற் போற்றியுள்ளார். அவ்வுபமன்னியு முனிவரே கயிலைச் சாரலில் முனிவர்கட்குத் திருத்தொண்டர் பெருமையை முதன்முதல் எடுத்துக் கூறினவராகப் பெரியபுராணம் தொடங்குகின்றது. அழுது அமைதிபெற்ற ஒருவர் வாயினின்றே அடியார் வரலாறு பிறந்ததென்பது எண்ணி மகிழத்தக்கது. ஒருவர்க்குக் கடல்; மற்றவர்க்குச் சிறு கிண்ணம். அளவினால் நோக்குவார்க்குக் கடலே பெரிதாகும். கிண்ணத்திலே குழைத்திருந்தது யாதென்பதை நோக்குவார்க்கு அவ்வையம் எழாது.

இனி, தந்தையார் கரையேறினார். பிள்ளையின் கடைவாயில் ஒழுகிய பாலைக் கண்டார். யாரோ ஒருவர் கொடுத்த எச்சிற் பாலைத் தம் குலத்துப் பிள்ளை உண்டதென்று சினந்தார். கொடுத்தவரைக் காட்டுமாறு அதட்டிச் சிறு கோல் ஒன்றை எடுத்து ஓங்கினார். பிள்ளையார் ஒரு காலைத் தூக்கி நின்று, ஆனந்தக் கண்ணீர் சொரிய, வலக்கைச் சுட்டுவிரலால் விசும்பைக் காட்டி, ஒரு செவியிலே தோடணிந்த பெருமானின் அடையாளங்களைச் சொல்லி, நட்டபாடைப் பண்ணிலே முதற்பதிகம் பாடியருளினார். இன்றும் திருக்கோயில்களில் நாம் வணங்கும் பிள்ளையார் திருவுருவம் அச்சுட்டுவிரலைக் காட்டியே நிற்கின்றது.

அக்கோலைப் பற்றிச் சில கூறல் வேண்டும். சிவபாத இருதயர் சிவனடியை நெஞ்சிற் கொண்டவர். பெயரே அதனைச் சொல்லும். தாம் தவமிருந்து பெற்ற மகனைத் தாமே இறைவனிடத்து ஒப்புவித்து நீரில் மூழ்கியவர். அவ்வேண்டுதல் அக்கணமே நிறைவேறியதன் அடையாளம் பிள்ளையின் வாயிலே ஒழுகியபோது, அதனை எச்சில் என்று கண்டவரும் அவரே. தீயர் ஓங்கிய கோலாயின் நாம் அதனை எளிதில் இகழ்ந்து செல்வோம். தூயர் ஓங்கிய கோலாதலின் அது நம்மைச் சுடுகின்றது. ஆசாரம் அன்பைக் காத்தற்கு அமைந்த வேலி. வேலியையே பயிரென்று மயங்குங்கால் அருளே வந்து நிற்பினும் அது புறத்தார் எச்சிலாய்த் தோன்றும்.

அடியேன் இல்லத்து நிகழ்ந்த ஒன்றை இங்கே மறைத்தல் நேர்மையன்று. சில ஆண்டுகட்கு முன்னர் மாணாக்கர் மூவர்க்குத் திண்ணையிலிருந்து இப்பகுதியையே பாடஞ்சொல்லிக் கொண்டிருந்தேன். உள்ளே பெயரன் ஓயாது அழுதான். சொல்முடிபு தடைப்பட்டதனாற் சினங்கொண்டு எழுந்து, கையில் இருந்த விசிறிக் காம்பை ஓங்கியவாறே உட்சென்றேன். குழந்தை என்னைக் கண்டு வீறிட்டதேயன்றி அடங்கவில்லை. வீட்டு வேலை செய்யும் மூதாட்டி ஒருத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவனை வாரி எடுத்தாள், அழுகை நின்றது. திரும்பித் திண்ணைக்கு வந்தபோது மாணாக்கர் மூவரும் ஏட்டை நோக்கித் தலைகுனிந்திருந்தனர். அடுத்த செய்யுள் தந்தையார் கோலோங்கியதனைக் கூறுவது. அன்று பாடத்தை அவ்வளவில் நிறுத்தினேன். நாற்பதாண்டு ஓதியும் என் கையிலிருந்தது கிண்ணமன்று, கோலே என்று தெளிந்தேன்.

வரலாற்றைத் தொடர்வோம். கோலை ஓங்கிய அத்தந்தையாரே பின்னர்ப் பிள்ளையாரைத் தோளிற் சுமந்து தலந்தோறும் நடந்தார். கோல் பிடித்த கை கால் பிடிக்கும் கையாயிற்று. திருக்கோலக்காவிலே பிள்ளையார் கைத்தாளம் இட்டுப் பாட, மெல்லிய கைகள் சிவத்தல் கண்டு இறைவன் ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் அளித்தருளினான். தாயார் பிறந்த ஊராகிய திருநனிபள்ளிக்குத் தந்தையார் தோளின்மேல் இருந்தே பாடிச் சென்றார். பின்னர் மெல்லடி நோவ நடந்து மாறன்பாடியில் இரவு தங்கியபோது, திருநெல்வாயில் அரத்துறைப் பெருமான் அவ்வூரார் கனவிலே தோன்றி முத்துச் சிவிகையும் குடையும் சின்னங்களும் கொடுப்பித்தான். கையைக் கண்டு தாளமும், காலைக் கண்டு சிவிகையும் அளித்தமையின், கிண்ணம் கொடுத்த அன்று தாய்மை முடிந்துவிடவில்லை என்பது பெறப்படும்.

இங்ஙனம் பெற்றவர் அதனைத் தம்மளவில் வைத்துக் கொண்டாரல்லர். கிண்ணம் அவர் கையிலே கொடுக்கப்பட்டதன் பொருள் அவர்தம் வாழ்வினால் விளங்குகின்றது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் தன் மகளை முயலகன் என்னும் நோய் வருத்த, மருத்துவம் பயனிலதாக, இறைவன் திருமுன்னரே அவளைக் கிடத்தியிருந்தான். பிள்ளையார் அங்குச் சென்று, நிலத்திற் கிடந்த அப்பெண்ணைக் கண்டு காரணம் வினாவித் திருப்பதிகம் பாடினர். அவள் எழுந்து நடந்து தன் தந்தையின் அருகே சென்றாள். கொங்கிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்ச்சுரம் பற்றியபோது திருநீலகண்டத்தை ஆணையாக வைத்துப் பாடி அதனை நாட்டினின்றும் அகற்றினர்.

திருமருகலில் நிகழ்ந்ததோ நெஞ்சை உருக்குவது. வைப்பூர்த் தாமன் என்னும் வணிகன் தன் மக்கள் எழுவரையும் தன் மருமகனுக்குத் தருவதாக ஒவ்வொருத்தியாய்ச் சொல்லித் தவறிப் பிறர்க்குக் கொடுத்து வர, இரக்கமுற்ற ஒருத்தி அம்மருமகனுடன் புறப்பட்டு வந்தாள். இரவிலே திருக்கோயிலின் பக்கத்து மடத்தில் அவனை அரவு தீண்டிற்று. மணம் நிகழாமையின் தீண்டவும் மாட்டாளாய், துணை ஒருவரும் இலளாய், அவள் மருகற் பெருமானை அழைத்து அழுதாள். அவ்வழுகை வழிபடச் சென்ற பிள்ளையாரின் செவியிற் பட்டது. குழவிப் பருவத்திலே சிகரம் நோக்கித் தாமழுத ஒலியையே அவர் அங்குக் கேட்டிருத்தல் கூடும். அஞ்சாதே என்று அருள்செய்து பதிகம் பாட, வணிகன் உயிர்பெற்று எழுந்தான். இருவர்க்கும் மணமும் செய்வித்தருளினார். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது திருநாவுக்கரசு சுவாமிகளுடன் இருந்து, இறைவன் நாடோறும் அளித்த படிக்காசினால் அடியார் பசியைத் தீர்த்ததும் இவ்வகையினதே.

பாண்டி நாட்டிலே சோழர் குலத்து மகளாராகிய மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் பிள்ளையாரை அழைப்பித்தனர். திருமறைக்காட்டிலே அப்பரடிகள் கோள்நிலை நன்றன்று என்று தடுத்தும், அடியார்க்குக் கோள் தீங்கு செய்யாது எனப் பாடிப் புறப்பட்டார். மதுரையிலே அவர் தங்கிய மடத்தில் பகைவர் தீ வைக்க, அத்தீ அரசனைச் சார்க என்றார். ஆயினும் அது மெல்லச் சென்று சார்க என்றே பணித்தார். அரசியாரின் மங்கல நாண் அவர்தம் திருவுள்ளத்தில் நின்றமையின் அம்மென்மை உண்டாயிற்று. அரசன் வெப்புநோயாற் துடித்தான். அவையிலே சமணர் சூழ்ந்து ஆரவாரித்தபோது, இச்சிறு பிள்ளை இவர்க்கு எதிர்நிற்றல் எங்ஙனம் என்று அரசியார் தாயுள்ளத்தால் நடுங்கினார். பிள்ளையார் அவரை நோக்கி, என்னைப் பாலனென்று எண்ணி இரங்க வேண்டாம், ஆலவாய்ப் பெருமான் துணையிருக்க நான் எளியேன் அல்லேன் என்னும் கருத்தமைந்த பதிகத்தால் தேற்றினார். தாயால் ஆற்றுவிக்கப் பெற்ற பிள்ளை ஒரு தாயை ஆற்றுவித்த இடம் இதுவாகும். திருநீற்றால் வெப்பொழிந்ததும், அனலிலும் வையைப் புனலிலும் ஏடு நிலைத்ததும், கூனும் நிமிர்ந்து அரசன் நின்றசீர் நெடுமாறனானதும் யாவரும் அறிந்தனவே.

திருமயிலையில் சிவநேசர் என்னும் வணிகர் தம் மகள் பூம்பாவையைப் பிள்ளையார்க்கென்றே வளர்த்தார். அச்சிறுமி அரவு தீண்டி இறக்க, என்பையும் சாம்பரையும் குடத்தில் இட்டுக் காத்திருந்தார். பிள்ளையார் கபாலீச்சரத்துத் திருவிழாக்களைத் திங்கள்தோறும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமற் செல்லுதல் முறையாகுமோ என்று அவளை வினாவி அழைத்தார். பிணங்கி முகந்திருப்பிய பெண்ணை விழாவும் வேடிக்கையும் சொல்லி இணக்கும் பெரியோர் வழக்கை இதில் காண்கின்றோம். இறப்பையும் ஒரு பிணக்கமாகவே கொண்டு பேசிய திருவாக்கு அது. குடம் உடைந்து அவள் எழுந்தாள். மணஞ்செய்ய வேண்டிய சிவநேசரிடம், உயிர் தந்த யான் இவட்குத் தந்தை முறையன் என்று சொல்லி மறுத்தருளினார்.

இவ்வரலாற்றிலே திருநீலநக்க நாயனார்க்கு உரிய இடம் தனிச்சிறப்புடையது. சாத்தமங்கையில் அயவந்திப் பெருமானை அவர் வழிபட்டிருக்கையில் சிலந்தி ஒன்று திருமேனியில் விழுந்தது. உடனிருந்த மனைவியார், குழவியின்மேல் அது விழுந்தால் தாயர் செய்வதேபோல, பதைத்து வாயால் ஊதி உமிழ்ந்து நீக்கினர். நாயனார் அதனை அநுசிதம் என்று வெறுத்து மனைவியாரைத் துறந்தார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றி, அம்மையார் ஊதிய இடம் ஒழிய மற்றைய இடமெல்லாம் கொப்புளங் கொண்டிருத்தலைக் காட்டினான். சிவபாத இருதயர் பாலை எச்சில் என்றார்; நீலநக்கர் எச்சிலை எச்சில் என்றார். முன்னையது எச்சிலன்று, பின்னையதோ எச்சிலேயாயினும் மருந்தாயிற்று. இறைவன் தானும் ஒரு குழவியாய்க் கிடந்து, தன்னை ஆற்றுதற்கு ஒரு தாயின் வாய்மூச்சை விரும்பினான்.

அப்பாடத்தை நீலநக்கர் மறந்தாரல்லர். பின்னர்ப் பிள்ளையார் அவர் மனையில் எழுந்தருளியபோது, உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் மனைவியார் மதங்கசூளாமணியார்க்கும் இரவு தங்க இடங்கொடுக்குமாறு பணித்தனர். பாணர் குலத்தவரென்று பிறர் புறத்தே நிறுத்தியிருப்பர். நீலநக்கரோ வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்தே அவர்களுக்கு இடங்கொடுத்தார். அத்தீ வலமாகச் சுழன்று ஓங்கி எழுந்ததென்று புராணம் கூறும். கோலைக் கீழே வைத்த ஆசாரத்தை அங்கியங் கடவுள் ஏற்றுக் கொண்டான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பதினாறாம் ஆண்டில், வைகாசி மூல நாளில், நல்லூர்ப் பெருமணத்தில் நம்பாண்டார் நம்பியின் மகளாரைப் பிள்ளையார் மணந்தருளினார். அந்நீலநக்கரே மணச்சடங்கை இயற்றினர். அவ்வேளையில் இறைவனருளாற் சோதி ஒன்று எழுந்து வாயில் காட்டிற்று. பிள்ளையார் தாம் முதலிற் புகுந்தாரல்லர். ஐந்தெழுத்தின் பதிகம் ஓதி, வந்திருந்தார் யாவரையும் புகச்செய்தார். தந்தையார், தாயார், நீலநக்கர், முருகனார், யாழ்ப்பாணர், சுற்றத்தார், ஏவலர், முத்துச் சிவிகை தாங்கி வந்தோர் அனைவரும் புகுந்தனர். எல்லாரும் புக்க பின்னரே காதலியைக் கைப்பற்றி வலம்வந்து தாமும் புகுந்தார். சிவிகை சுமந்த தோள்களும் பல்லாண்டு அழுத கண்களும் அங்கே ஒருங்கே ஆறுதல் பெற்றன. கரையிலே தனித்தழுத பிள்ளை, ஒருவரையும் தனித்தழ விடாது உடன்கொண்டு சென்றது.

அவ்வருள் அன்றோடு நின்றதில்லை. நூற்றாண்டுகள் பல கழிந்தபின் திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தியபோது, அவர்தம் குலகுரு திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்க, பிள்ளையார் அருளிய திருவெண்காட்டுப் பதிகத்திலே மகப்பேற்றை உறுதிசெய்யும் திருப்பாட்டு வந்ததென்பர். அங்ஙனம் பிறந்த குழவியே, இளமையிலே திருவெண்ணெய்நல்லூரில் பரஞ்சோதி முனிவரால் ஞானம் பெற்று, மெய்கண்டார் ஆயினர். சிவஞானபோதம் நம் கைக்கு வந்த வழியை நோக்குங்கால், அதன் தலைமடையிலே சீகாழிக் குளக்கரையில் ஓர் அழுகை நிற்கின்றது.

பிள்ளையார் திருவாக்கு முதல் மூன்று திருமுறைகளாய் நின்று நிலவுகின்றது. நம்பியாண்டார் நம்பிகள் பதினொராந் திருமுறையில் ஆறு நூல்களால் அவரைப் போற்றினர். சவுந்தரிய லகரியிலே அம்மையின் பால்பருகிப் பாவலனான திராவிடக் குழவி ஒன்று புகழப்படுகின்றது. அது பிள்ளையாரையே குறிக்கும் என்பது நம்மவர் பலர் கொள்கை. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தருமபுர ஆதீனத்துக்கு உரிய சீகாழித் திருக்கோயிலில் குடமுழுக்கிற்காக நிலத்தை அகழ்ந்தபோது, 20க்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த 400க்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. அப்பிள்ளை அழுத மண்ணே அவர் பாடலை வயிற்றில் வைத்துக் காத்திருந்தது. சித்திரைத் திங்களில் திருமுலைப்பால் விழா அத்தலத்தில் ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகின்றது. பிள்ளையார்க்குப் பால் ஊட்டும் காட்சியைக் காணத் தாயர் கைக்குழந்தைகளுடன் வந்து நிற்பர்.

சைவ அன்பர்காள்! நம் மடங்களிலும் கழகங்களிலும் ஆசாரமும் கல்வியும் காக்கப்படுதல் இன்றியமையாததே. ஆயினும் நம் வாயிலுக்கு வருவார் எல்லாரும் நூல்கற்று வருவாரல்லர். நோயுற்ற மகளைத் தூக்கி வருவாரும், துணையிழந்து வருவாரும், யாதுசொல்லி வேண்டுவதென்று அறியாது அழுகையொன்றே மொழியாக வருவாரும் பலர். அவர்களை முதலில் எச்சிலும் தீட்டும் வினாவி நிறுத்துவோமாயின் நம் கையிலிருப்பது அக்குளக்கரைக் கோல். கண்ணீரைத் துடைத்துப் பின்னர்ச் சிறிது கொடுப்போமாயின் அது பொற்கிண்ணம். கோலோங்கிய தந்தையாரையும் பிள்ளையார் சோதியினுட் கொண்டு சென்றனர் என்பது நம்போல்வார்க்கு எஞ்சியுள்ள ஆறுதல். அடியேன் விசிறிக் காம்பை நினைக்குந்தோறும் அவ்வாறுதலையே பற்றிக்கொள்கின்றேன்.

திருச்சிற்றம்பலம்.